மாடிப் போர்ஷனில் முதல் சோறு

"எம் பேரு சின்னக்கண்ணு. வயசு இருவத்தொண்ணு. கொல்லிமலை குண்டூர் நாடு, காளியண்ணன் மகன். இப்ப இருக்கறது மதராஸ் பட்டணம், கொத்தவால் சாவடி, அப்பாஸ் அலி பாய் வாழத்தாரு மண்டி. எழுதிட்டீங்களாண்ணா?"

மாதேஸ்வரன் பேனாவை மைக்கூட்டின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான். மண்டியில் கணக்கு எழுதுகிறவன். ராசிபுரத்துக்காரன்.

"ஏன்டா, உம்பட பொண்டாட்டிக்கு உம் பேரு தெரியாதா? என்னமோ கச்சேரியில சாட்சி சொல்றவனாட்டம் ஆரம்பிக்கறே?"

"பொன்னாயிக்குத் தெரியுமுங்ணா. படிக்கறவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா? மலையில மூணு சின்னக்கண்ணுங்க. போன லெட்டரை மாத்திக் கொண்டுட்டுப் போயி பைல் நாட்டுச் சின்னக்கண்ணு ஊட்ல படிச்சுப்புட்டாங்க. பட்டணத்துல ஊடு கெடைச்சிருச்சுன்னதும் அவங்கம்மா கெடா வெட்டறதா நேந்துட்டாங்களாமா. அந்தச் சின்னக்கண்ணு அப்பப் பட்டியில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்திருக்கறான். 'நான் எப்பம்மா பட்டணம் போனேன்'னு கேட்டானாமா."

மாதேஸ்வரன் சிரித்ததில் தோள் குலுங்கியது. தாளை நேராக இழுத்து வைத்து, சொன்னதை அப்படியே எழுதினான்.

உச்சிப்பொழுது. காலையில் வந்த தார்கள் இறங்கிவிட்டன. பழுத்தவை முன்வரிசையில் கயிற்றில் தொங்கின. காய்கள் உள்ளறையில் சருகு மூடிக் கிடந்தன. சுமைக்காரர்கள் வாழைச்சருகின் மேலேயே துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். தெருவிலிருந்து வந்த ஆடு ஒன்று காம்புகளை முகர்ந்து பார்த்து, எதுவும் பிடிக்காமல், படுத்திருந்த ஒருவனின் துண்டு நுனியை மெல்லத் தொடங்கியது. சின்னக்கண்ணு குனிந்து அதைத் தள்ளிவிட்டான். அவன் இடது தோளில் வாழைக்கறை கருப்பாக ஏறி, சட்டைத்துணியும் தோலும் ஒரே நிறமாகியிருந்தன.

கடிதம் சாயங்காலத் தபாலில் போக வேண்டும். முள்ளுக்குறிச்சியில் ஜாபர் உசேன் பாயின் கடைக்கு அது போய்ச் சேர்ந்தால்தான், சந்தைக்கு மலையிறங்கி வரும் பொன்னாயிக்கு அதைப் படித்துச் சொல்வார்கள். தாமதமானால் அவள் கைக்குழந்தையோடு, ஜாபர் உசேனின் மனைவி ஜீனத் பீவிக்குத் துணையாக, சேலத்தில் ரயிலேறிவிடுவாள். ஜீனத் பீவி தன் அண்ணன் அப்பாஸ் அலியைப் பார்க்கப் பட்டணம் வருகிறாள். பொன்னாயி தன் புருஷனுக்குக் கிடைத்திருக்கும் வீட்டுக்குக் குடிவருகிறாள். அந்த வீடு இப்போது இல்லை என்பதைத்தான் சின்னக்கண்ணு சொல்ல வந்திருந்தான்.

"சொல்லு. வர வேண்டாம்னு எழுதீரட்டுமா?"

"இருங்ணா, இருங்ணா. எடுத்ததும் அப்பிடி எழுதாதீங்க. மொதல்ல எல்லாருக்கும் கும்புடு சொல்லோணும்."

"தாளு ஒண்ணுதான்டா இருக்குது."

"பொடுசா எழுதுங்ணா."

அவன் சொன்னான். மலையிலிருந்து இறங்கி வந்து வழி தெரியாமல் நின்றவனைப் பட்டணத்துக்கு அனுப்பிவைத்த ஜாபர் பாய்க்குக் கும்பிடு. வேலை கொடுத்த அப்பாஸ் அலி பாய்க்குக் கும்பிடு. மலையிலிருந்து வரும் தார்களுக்கு நடுவே, நசுங்காமல், சாமை அரிசிப் பொட்டலத்தைச் சொருகி அனுப்பும் ஜீனத் பீவி அம்மாளுக்குக் கும்பிடு. கடைசியாக வீட்டுக்கார ஐயாவுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும்.

மாதேஸ்வரனின் பேனா நின்றது.

"அந்தாளுக்குமா?"

"எழுதுங்ணா. ஊடு குடுத்தவங்கல்லங்க."

போன சித்திரையில்தான் அந்த வீடு கிடைத்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு கிளம்பி, பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. சென்ட்ரலில் ரயில் கூரைமேல்கூட ஆட்கள் உட்கார்ந்து போனார்கள். கை வண்டிகளில் கட்டிலும் அண்டாவும் ஆட்டுரலும் போயின. சைரன் ஊதிப் பழக்கும்போது சாவடியில் இருந்தவர்கள் மேசைக்கு அடியிலும் தார்களுக்கு இடையிலும் புகுந்தார்கள். "குண்டு வுழுந்தா சருகைப் போத்திக்குவோம், பழமாச்சும் வெரசாப் பழுக்கும்" என்று சுமைக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுக்குப் போக இடம் இல்லை.

தங்கசாலைத் தெருவைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது அந்த மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே ஒரு போர்ஷன்: ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. அதில் குடியிருந்த பாங்கிக் குமாஸ்தா யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு ஓடிவிட்டார். வீட்டுக்காரரும் செய்யாறு பக்கத்துச் சொந்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மண்டிக்கு வந்து அப்பாஸ் அலியிடம் கேட்டார்.

"பாய், கை சுத்தமான ஆள் ஒருத்தன் வேணும். சாயந்திரமானா மாடியில ஒரு விளக்கு எரியணும், அவ்வளவுதான்."

அப்பாஸ் அலி திரும்பிப் பார்த்தார். சின்னக்கண்ணு இரண்டு தார்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

"இந்தப் புள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. இவுங்க மலையில கதவுக்குப் பூட்டே கெடையாது."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் அவனை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அறையில் சந்தின் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். மேலே தேக்கு உத்திரம். சமையலறையில் கரி படிந்த சுவரும், புகை போக ஒரு துவாரமும். சின்னக்கண்ணு உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

"வாடகை எவ்வளவுங்க?"

"ஏதோ உன்னால முடிஞ்சதைக் குடுப்பா. இப்ப யார் குடுக்கறா வாடகை?"

"எத்தன நாளைக்கு இருக்கலாமுங்க?"

"இருப்பா. இருக்கற வரைக்கும் உன்னுதுதான். யாரு வந்து உன்னைக் கேக்கப் போறா இந்த ஊர்ல?"

வீட்டுக்காரர் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதை இடுப்பு அரைஞாண்கயிற்றில் கட்டிக்கொண்டான். மண்டியில் அவனோடு படுத்திருந்தவர்கள் அந்தச் சாவியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருவன் வாயில் வைத்து விசில் ஊதிப் பார்த்தான்.

மறுநாள் விடிந்ததும் அவன் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தான். புதுச் சட்டியில் பொன்னாயி அனுப்பிய சாமையைப் பொங்கினான். அவரைக்கொட்டையும் உப்பும் மிளகும் போட்டு ஒரு சாறு. சோறு வெந்ததும் தான் தொடவில்லை. ஒரு வாழை இலையில் எடுத்து மூடி, கீழே இறங்கி வந்தான். வாசலில் ஜட்கா நின்றது. குழந்தைகள் ஏறிவிட்டார்கள். வீட்டுக்காரர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மொதச் சோறுங்க."

"என்னப்பா இது, ரயிலுக்கு நேரமாச்சு..."

"ஒரு வாய் சாப்புடுங்க, ஐயா."

வீட்டுக்காரம்மா ஜட்காவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்தப் புள்ள ஆசையாக் கொண்டாந்திருக்கு. ஒரு வாய் வாங்கிக்கங்களேன். என்ன கெட்டுப் போச்சு?"

அவர் நின்றபடியே இரண்டு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, அவன் சொம்பிலிருந்து ஊற்றிய நீரில் கை கழுவினார். சின்னக்கண்ணு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜட்கா சந்து திரும்பிய பின் மாடிக்குப் போய் மீதிச் சோற்றைத் தின்றான்.

"அந்த மொதச் சோத்துல என்னடா இருக்குது?" என்று மாதேஸ்வரன் அப்போதே ஒருநாள் கேட்டிருந்தான்.

"எங்கூர்ல அப்பிடித்தானுங்ணா. ஒருத்தரு எடம் குடுத்து அதுல நாம குடிசை போட்டா, மொத ஒலை வெச்ச சோறு எடம் குடுத்தவங்களுக்கு. அவங்க தின்னுட்டாங்கன்னா அதோட செரி. அதுக்கப்பறம் எடத்தைப் பத்தி அவங்களும் பேச மாட்டாங்க, நாங்களும் பேச மாட்டோம். பேசுனா அசிங்கமுங்க."

"தின்ன மாட்டேன்னுட்டா?"

"அப்ப எடம் குடுக்கலேன்னு அர்த்தம். பொட்டாட்டம், பேசாம, சட்டியை எடுத்துட்டு வந்தர வேண்டீதுதான்."

அந்த நாட்களில் அவன் மண்டியில் வேலை முடிந்ததும் நேராக அந்தச் சந்துக்குப் போவான். விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டி, வெளிச்சம் வானத்துக்குத் தெரியாமல் ஏற்றுவான். கீழ்வீட்டுக் கதவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். வீட்டுக்காரம்மா விட்டுப்போன துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவான். சாணம் கிடைக்கும் இடம் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, சிமென்ட் போட்ட தரையிலேயே மெழுகினான். எதிர்வீட்டில் காவலுக்கு இருந்த கிழவர் அதைப் பார்த்து, "யோவ், சிமென்ட்டுக்குச் சாணி போடற மொத ஆளு நீதான்யா" என்றார். மறுநாளும் மெழுகினான்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. அறையின் நடுவில் சட்டியை வைத்துவிட்டு, ஜன்னலோரம் குந்தியபடி ஒழுகும் இடங்களைக் கவனித்துக்கொண்டான். மழை விட்ட நாட்களில் இடிந்த ஒரு மதிலிலிருந்து கல்லும், சுண்ணாம்புக் காளவாயில் ஒரு வண்டிக்காரரைக் கெஞ்சிச் சுண்ணாம்பும் வாங்கி வந்தான். மொட்டைமாடியில் வெடித்த இடங்களைக் கொத்தி, சுண்ணாம்பை இடித்துப் பூசி, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினான். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. அவனே அறைக்கு நடுவே படுத்து, மேலே பார்த்தபடி மழையைக் கேட்டான்.

மாதம் ஒருமுறை வீட்டுக்காரர் வீட்டைப் பார்க்க வருவார். சின்னக்கண்ணு வாடகையை இரு கையாலும் நீட்டுவான். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

"டேய், ரசீது வாங்குனயா?" என்று அப்பாஸ் அலி கேட்டார்.

"இல்லீங்க, மொதலாளி."

"கேட்டு வாங்குடா. துண்டுத்தாள்ல எழுதி ஒரு கையெழுத்து. வாடகை ஆபீசுன்னு சர்க்காரு ஒண்ணு வெச்சிருக்குது. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா அதுதான் பேசும்."

"அவங்க மொதச் சோறு தின்னுட்டாங்கங்க. தின்னவங்ககிட்டப் போயி சீட்டுக் குடுங்கன்னா, உங்களை நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரியில்லீங்களா?"

அப்பாஸ் அலி தாடியைத் தடவிக்கொண்டார். "நானும் மலையடிவாரத்துல பொறந்தவன்தான்டா. ஆனா இது பட்டணம்." ஏலத்துக்கு எழுந்து போனார்.

கார்த்திகையில் ஊரிலிருந்து சேதி வந்தது. பொன்னாயிக்கு ஆண் குழந்தை. சின்னக்கண்ணு மண்டியில் எல்லோருக்கும் பழம் கொடுத்தான். அது அப்பாஸ் அலி கொடுத்த தார். தார் கட்டும் கயிற்றில் நல்லதாக ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி, வீட்டுக்குப் போய், உத்திரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டுத் தொங்கவிட்டான். அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். பொன்னாயி கொண்டுவரும் சேலையைக் கட்டினால் தூளி. தை பிறந்ததும் வரச் சொல்லிக் கடிதம் போட்டான். அந்தக் கடிதம்தான் பைல் நாட்டுக்குப் போய்க் கெடாவுக்கு நேர்ச்சை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு குண்டூர் நாட்டுக்கு வந்தது.

குண்டு விழவில்லை. ஓடிப்போன ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மார்கழியில் பட்டணம் முன்னைவிட நெரிசலாகிவிட்டது. யுத்த ஆபீசுகளுக்கு வந்தவர்கள் கையில் பணத்தை வைத்துக்கொண்டு வீடு தேடி அலைந்தார்கள். பூட்டிக் கிடந்த கதவுகள் எல்லாம் திறந்தன. வீட்டுக்காரர் குடும்பமும் வந்தது. சின்னக்கண்ணு சாமான்களை எல்லாம் அவனே இறக்கி உள்ளே வைத்தான். கூலி கொடுக்க வந்தபோது வாங்க மறுத்துவிட்டான்.

சில நாள் கழித்து வீட்டுக்காரர் ஒருவரை மாடிக்கு அழைத்து வந்தார். கோட்டுப் போட்டவர், யுத்த சப்ளை ஆபீசில் வேலை. சின்னக்கண்ணு பாயைச் சுருட்டி அவர்களுக்கு வழிவிட்டு நின்றான்.

"மழைக்கு ஒழுகுமா?" என்று வந்தவர் கேட்டார்.

"ஒரு சொட்டு இறங்காது சார். இப்பத்தான் மேல தளம் பூசினது." வீட்டுக்காரர் சின்னக்கண்ணுவின் முதுகில் தட்டிக் கொடுத்தார். "இவன்தான் பூசினான். தங்கமான பையன்."

சின்னக்கண்ணுவுக்கு முகம் மலர்ந்தது. வந்தவர் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார், சமையலறையில் எட்டிப் பார்த்தார், கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவர் போன பிறகுதான் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். வார முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

"உனக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய எடம்? ஒத்தை ஆளு."

"பொண்டாட்டியும் கொழந்தையும் வாராங்கங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க இருக்கச் சொன்னீங்களேங்க."

"சொன்னேம்பா. அது அப்ப. ஊரே காலியாக் கெடந்துது."

சின்னக்கண்ணு சொல்லக் கூடாததைச் சொல்கிறவனைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஐயா... நீங்க சோறு தின்னீங்களேங்க."

"என்ன சோறு?"

"மொதச் சோறுங்க. சோறு..."

வீட்டுக்காரர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது. மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தார்.

"இந்தா, இந்தப் பையனுக்குச் சோறு போடு. பசிக்குதாம். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை போல."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. போட்ட சோற்றை வேண்டாம் என்று எழுவது அவனுக்குத் தெரியாத காரியம். கீழே முற்றத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்காரம்மா இலை போட்டாள். வெள்ளை அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. அவள் குழம்பு ஊற்றும்போது கரண்டி இலைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.

"ஊருக்குப் போற அன்னிக்கு ஒரு சோறு கொண்டாந்தியே," என்றாள் மெதுவாக. "அதையா சொன்னே?"

"ஆமாங்கம்மா."

அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவன் எல்லாவற்றையும் தின்று, இலையை மடித்து எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு வந்து, அவளுக்குக் கும்பிடு போட்டான்.

மண்டியில் இது தெரிந்ததும் மாதேஸ்வரன்தான் குதித்தான். அப்பாஸ் அலி அன்றே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாடகை ஆபீசுக்குப் போய் விசாரித்து வந்தார். ரசீது ஒன்றாவது இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடமும் தேடினார்கள். குடும்பம் என்று சொன்னதுமே அட்வான்ஸ் கேட்டார்கள். சுமைக்காரன் என்று சொன்னதும் அதையும் கேட்கவில்லை, கதவைச் சாத்தினார்கள். அப்பாஸ் அலியின் வீட்டில் இருந்த இரண்டு அறையில் ஏற்கெனவே பதினோரு பேர்.

வீட்டுக்காரம்மாதான் புருஷனிடம் பேசி அவனுக்கு மாடிப்படிக்கு அடியில் இடம் வாங்கிக் கொடுத்தாள். வாடகை வேண்டாம். காலையிலும் சாயங்காலமும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, கீழ்வீட்டுக்கும் மாடிப் போர்ஷனுக்கும் நிரப்பினால் போதும். ஆள் ஒருவன்தான் படுக்கலாம், குடும்பம் கூடாது. காலை நீட்டினால் பாதம் வெளியே நடையில் கிடக்கும். போகிறவர்கள் தாண்டிப் போவார்கள். அவள் பழைய நூல்சேலை ஒன்றையும் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "புள்ளைக்குத் தூளி கட்டிக்க. நல்லாத் தொவைச்சதுதான்."

அந்தச் சேலை இப்போது கடிதத்துக்குப் பக்கத்தில், மேசைமேல் இருந்தது. மலைக்குத் திரும்பிப் போகும் காலிக் கூடைகளோடு அதையும் அனுப்பப் போகிறான்.

"கும்புடு எல்லாம் எழுதியாச்சு," என்றான் மாதேஸ்வரன். "தாளு முக்காவாசி போச்சு. வெசயத்துக்கு வா."

சின்னக்கண்ணு தோளில் காய்ந்த கறையை நகத்தால் சுரண்டினான்.

"ஊட்டுக்கார ஐயா தங்கமானவங்கன்னு எழுதுங்ணா. இப்பவும் அங்கேயேதான் இருக்கறேன். வாடகை இல்ல. தலைக்கு மேல படி இருக்கறதுனால மழை நனையறதில்ல."

"டேய்."

"நெசந்தானுங்ணா?"

மாதேஸ்வரன் எழுதினான்.

"ரெண்டு நேரமும் மாடிக்குத் தண்ணி கொண்டுட்டுப் போறேன். நான் மெழுகுன தரை நல்லா இருக்குது. தளம் ஒழுகறதில்ல. போன வாரம் மழைக்குக்கூட இப்ப மாடியில இருக்கற ஆபீசு ஐயா சட்டி வைக்கல. தூளிக்கயிறு நான் கட்டுனபடியே இருக்குது, அவுக்கல. அந்த ஐயா ஆபீசுல இருந்து வந்ததும் கோட்டைக் கழட்டி அதுலதான் மாட்டறாங்க. கனமான கோட்டு. கயிறு அசைய மாட்டீங்குது."

மாதேஸ்வரன் பேனாவை மைக்கூட்டில் முக்கி எடுத்தான். துண்டு நுனி ஈரமாக இருப்பதைப் பார்த்து எழுந்த சுமைக்காரன் ஆட்டைத் திட்டினான். தெருவில் ஒரு கைவண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"இதை எழுதோணுமா?" என்றான் மாதேஸ்வரன்.

"எழுதுங்ணா. கயிறு நல்ல கயிறுன்னு தெரியட்டும்."

எழுதினான். தாளில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது.

"இனிச் சொல்லீரு. தபால் கட்டற நேரமாச்சு."

சின்னக்கண்ணு தாளின் அருகே குனிந்தான். எழுத்து தெரியாதவன், தன் குரல் நேராகத் தாளில் போய் விழ வேண்டும் என்பதுபோல அதன் மேலேயே பேசினான்.

"படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தைங்க. ஜாபர் பாய் படிச்சாலும் செரி, ஜீனத் பீவி அம்மா படிச்சாலும் செரி. சேலையைப் பொன்னாயி கையில குடுங்க. பையனுக்கு அங்கேயே தூளி கட்டச் சொல்லுங்க. இப்ப வர வேண்டாம், நானே சொல்லி அனுப்பறேன்னு சொல்லுங்க. கட்டி வெச்ச மூட்டையை அவுத்தரச் சொல்லுங்க. உள்ளார மொதச் சோத்துக்குன்னு சாமை வெச்சிருப்பா. கட்டியே கெடந்தா பூச்சி புடிச்சிரும். எடுத்துப் பொங்கித் தின்னரச் சொல்லுங்க."